டாக்டர் கிரிம்ஷாவின் நீளத் தோட்டாக்கள்

பற்களை நேராக்கியே முப்பத்திரண்டு வருடம் பிழைத்த ஒரு மனிதர், ஓய்வு பெற்றதும் கலிபோர்னியாவை விட்டுவிட்டு மொன்டானாவில் வில்லோ கூலி என்ற எங்கள் ஊருக்கு ஏன் குடிவந்தார் என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. எங்கள் ஊரில் பாதிப் பேருக்குப் பல் கிடையாது. மீதிப் பாதிக்கு இருக்கிற பல், காற்றில் சாய்ந்த வேலிக் கம்பம் மாதிரி ஆளுக்கொரு திசையைப் பார்க்கும். அதை நேராக்கிக்கொள்ள வேண்டும் என்று இங்கே ஒரு ஜீவனும் கனவு கண்டதில்லை.

ஆனாலும் வந்தார். பெயர் டாக்டர் வெண்டல் கிரிம்ஷா. வண்டிக்குப் பின்னால் ஓர் இழுவைப் பெட்டி. எங்கள் ஊர்க்காரர்கள் மூன்று தலைமுறையாகச் சேர்த்த துப்பாக்கிச் சாமான்களை அதற்குள் கொட்டினாலும் ஒரு மூலை நிரம்பாது. தலையில் ஒரு தொப்பி. மொன்டானாக் காற்று அதைத் தூக்கிக்கொண்டு போன அன்று, கிரகணம் பிடித்துவிட்டது என்று பக்கத்து மாவட்டத்துக் கோழிகளெல்லாம் கூட்டில் அடைந்துவிட்டன. நான் பொய் சொல்கிறவன் இல்லை. முப்பத்தொரு வருடம் சாலையைச் சமன்செய்யும் இயந்திரம் ஓட்டியவன். இருப்பதைக் கொஞ்சம் இழுத்துப் பரப்புவேன், அவ்வளவுதான்.

எங்கள் ஊர்த் துப்பாக்கி மன்றத்தில் சுடுவது எருமை வேட்டைக் காலத்து மாதிரித் துப்பாக்கி. ஒரு தடவைக்கு ஒரே தோட்டா. பித்தளைக் கூட்டுக்குள் கருமருந்து, அதன் தலையில் கட்டைவிரல் பருமனுக்கு வார்த்த ஈயக் குண்டு. இருநூறு மீட்டரில் இரும்புக் கோழி, முந்நூறில் பன்றி, அதற்கும் அப்பால் வான்கோழி, ஐந்நூறு மீட்டரில் செம்மறிக்கடா. மொத்தம் நாற்பது உருவம். அடி பட்டுச் சாய்ந்தால்தான் கணக்கு. ‘டங்’ என்று சொல்லிவிட்டு நின்றுகொண்டிருந்தால் இல்லை. குண்டு அவ்வளவு கனம், அவ்வளவு நிதானம். சுட்டுவிட்டு, ஒரு வாய் காபி குடித்து, மீசையைத் துடைத்துக்கொண்ட பிறகு கடா விழுந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

செப்டம்பர் முதல் திங்களன்று வருடப் போட்டி. ஜெயித்தவருக்குக் கோப்பை கிடையாது, மாலை கிடையாது. அடுத்த ஒரு வருடம் களத்துக்கு அவர்தான் பாஸ். பாஸ் சொன்னது சட்டம். இந்த வழக்கத்தைக் கொண்டுவந்தவர்களின் எண்ணம், நன்றாகச் சுடுகிறவனுக்குத் தண்டனையாகக் கழிப்பறை கழுவும் வேலையைத் தலையில் கட்டுவது. அதனால் புத்தியுள்ளவர்கள் கடைசிச் சுற்றில் ஒன்றிரண்டைக் கோட்டைவிட்டு மானமாக இரண்டாம் இடத்துக்கு வந்துவிடுவார்கள். போன வருடம் ரோலி ஆம்ஸ்பா தும்மும்போது விசை தட்டிக் கடா விழுந்துவிட்டது. பாவம், பாஸ் ஆகிவிட்டான். அந்த அதிர்ச்சியிலிருந்து அவன் இன்னும் மீளவில்லை.

டாக்டருக்கு மட்டும்தான் அது பதவியாகத் தெரிந்தது.

மே மாதம் மன்றத்து விருந்தில், எல்லாரும் மான்கறிக் குழம்பில் முகத்தைப் புதைத்திருந்த நேரம், அவர் எழுந்து தொண்டையைக் கனைத்து ஒரு தாளைப் பிரித்தார். தான் பாஸ் ஆனதும் செய்யப்போகிற பதினான்கு சீர்திருத்தங்கள். நாய்களுக்குத் தடை. புகையிலைக்குத் தடை. எல்லாருக்கும் ஒரே நிறச் சட்டை. இவையெல்லாம் பின்னால் வந்தவை. முதலாவது, குண்டு வார்க்கும் கொட்டகையை இடித்துவிட்டு அங்கே குளிர்சாதனம் வைத்த மதிப்பெண் அறை கட்டுவது.

அந்தக் கொட்டகை ஒரு தகரக் கூரை, இரண்டு காற்றாடி, ஒரு நீளப் பெஞ்சு, ஓர் எரிவாயு அடுப்பு, அதன்மேல் ஓர் இரும்புச் சட்டி. அழகென்று சொல்ல மாட்டேன். ஆனால் ஓர்ஃபா ட்வெய்ட் வாரத்தில் நான்கு நாள் அதற்குள்தான் இருந்தாள். முப்பத்தெட்டு வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டியவள், எழுபத்தொரு வயது. இப்போது இருப்பது மூத்தோர் குடியிருப்பில், இரண்டாவது மாடியில். அங்கே ஒருமுறை சமையலறை அடுப்பில் ஈயம் உருக்கப்போய், மூன்று தீயணைப்பு வண்டி வந்துவிட்டது. எங்கள் ஊரில் இருப்பதே ஒன்றுதான். மீதி இரண்டும் எங்கிருந்து வந்தன என்று யாருக்கும் தெரியாது. ஆக, கொட்டகை போனால் ஓர்ஃபாவுக்கு வார்க்க இடமில்லை. வார்க்க இடமில்லை என்றால் அவள் சுடப்போவதுமில்லை.

“அப்போ நான் எங்க வார்க்கிறது, டாக்டரே?” என்றாள் ஓர்ஃபா.

“வாங்கிக்கலாமே ஓர்ஃபா. இப்பல்லாம் தபால்லயே அனுப்புறாங்க. எல்லாம் ஒரே எடை. உங்களுக்கும் வயசாகுது, எதுக்கு இந்தப் புகையில…”

“கடையில வாங்குன குண்டச் சுடுறதும், அடுத்தவன் பல்செட்ட மாட்டிக்கிட்டு அப்பளம் கடிக்கிறதும் ஒண்ணு.”

மேசை முழுக்கச் சிரித்தது. டாக்டரும் சிரித்தார், உதட்டை மட்டும் இரண்டு அங்குலம் அகற்றி, பற்களை எங்களுக்கு மாதிரி காட்டினார். ஓர்ஃபா சிரிக்கவில்லை. கரண்டியை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

“டெல்மர், இந்தத் தடவ நான் ஜெயிச்சே ஆகணும்.”

“கழிப்பற கழுவணுமே?”

“கழுவித் தொலைக்கிறேன். நீதான் எனக்குக் கண்ணாடி பாக்குற.”

கண்ணாடி பார்ப்பது என்றால், பக்கத்தில் உட்கார்ந்து தொலைநோக்கியில் பார்த்து, காற்று எப்படி, குண்டு எங்கே விழுந்தது என்று சொல்வது. அதில் என்னை அடிக்க ஆளில்லை. எறும்பு திரும்பிப் படுத்தால் எந்தப் பக்கம் என்று சொல்வேன்.

இதில் எரிச்சலான விஷயம், டாக்டர் நன்றாகச் சுடுவார். எழுதக் கை கூசுகிறது, இருந்தாலும் உண்மை. அந்தக் கண்ணும் அந்தக் கையும் ஒரு நல்ல மனிதனிடம் இருந்திருக்கக் கூடாதா என்று நான் வருந்தியதுண்டு.

அவர் தோட்டா நிரப்புகிற அழகைப் பார்க்க வேண்டும். கைக்கு நீல உறை. மூக்குக்கு மூடி. தபாலில் வந்த ஐந்நூறு குண்டையும் ஒவ்வொன்றாகத் தராசில் வைத்து, கிரெய்ன் என்கிற பொடி எடையில் பத்தில் ஒரு பங்கு கூடினாலும் குறைந்தாலும் ஒதுக்கிவிடுவார். மருமகள் பார்க்கப் போன மாமியார்கூட அத்தனை பேரைத் தள்ளியிருக்க மாட்டாள். அப்புறம் கருமருந்து. அதை நீளக் குழாய் வழியாகச் சொட்டுச் சொட்டாக இறக்கினால் நன்றாக அடைந்துகொள்ளும், அது நாங்களும் செய்வதுதான். டாக்டர் அதை இறக்கும்போது யாரும் மூச்சு விடக் கூடாது. காற்றின் ஈரப்பதத்தைக் காட்ட ஒரு கருவி. அந்தக் கருவி சரியாகக் காட்டுகிறதா என்று காட்ட இன்னொரு கருவி.

எல்லாவற்றுக்கும் மேலே தோட்டாவின் நீளம். துப்பாக்கிக் குழலின் உள்ளே, குண்டைச் சுழலவைக்கத் திருகுவரிகள் வெட்டியிருக்கும். நாங்கள் குண்டைக் கூட்டுக்குள் கொஞ்சம் ஆழமாக உட்காரவைப்போம். குண்டின் மூக்குக்கும் அந்த வரிகளுக்கும் நடுவே ஒரு தலைமுடி இடைவெளி இருக்கும். டாக்டர் குண்டை வெளியே நீட்டி வைப்பார். தோட்டாவை உள்ளே தள்ளி நெம்புகோலை மூடும்போது ஈயம் போய் வரிகளில் கடித்துக்கொள்ளும். இருந்த இடத்திலிருந்தே நேராகக் கிளம்பும், அதனால் குறி தப்பாது என்பது அவருடைய வேதம். வாழ்நாள் முழுக்கப் பல்லுக்குக் கம்பி கட்டினவருக்கு எதையாவது எதிலாவது இறுக்கிக் கட்டாவிட்டால் தூக்கம் வராது போலும்.

ஆகஸ்டு மாதம் ஒருநாள் அவர் கொட்டகைக்குள் வந்தார். சும்மா வரவில்லை, அளவு நாடாவோடு வந்தார். ஓர்ஃபா அகப்பையால் ஈயம் அள்ளி அச்சில் ஊற்றிக்கொண்டிருந்தாள். இருபது பங்கு ஈயத்துக்கு ஒரு பங்கு வெள்ளீயம். ஊற்றுவாள், உதட்டுக்குள் ஆறு எண்ணுவாள், அச்சின் தலையைத் தட்டுவாள். குண்டு பழைய போர்வையின்மேல் வெள்ளி மீன் மாதிரி விழும். நான் உரலுக்குப் பக்கத்தில் பூனை உட்கார்ந்திருப்பதுபோல் ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருந்தேன்.

டாக்டர் சுவருக்குச் சுவர் நாடாவை இழுத்துக் குறிப்பேட்டில் எழுதினார்.

“சவப்பெட்டிக்கு அளவு எடுக்கிறீங்களா டாக்டரே?” என்றேன். “உசிரு இன்னும் போகல.”

“முன்கூட்டியே திட்டம் போடணும் டெல்மர். உங்க ஊருல இல்லாதது அதுதான்.”

ஓர்ஃபா தலையை நிமிர்த்தாமல் சொன்னாள்: “உங்க தோட்டா ஒண்ணு போன வாரம் களத்துல கெடந்துச்சு, பாத்தேன். ரொம்ப நீட்டி வெச்சிருக்கீங்க.”

“வேணும்னுதான் வெச்சிருக்கேன்.”

“சுடாம வெளிய எடுக்க வேண்டி வந்தா? குண்டு உள்ளயே மாட்டிக்கும். கூடு மட்டும் கையோட வரும். மருந்தெல்லாம் கொட்டிரும்.”

“நான் உள்ள ஏத்துனா சுடுவேன், ஓர்ஃபா. சுடுறதுக்குத்தான ஏத்துறோம்?”

“சொல்லணும்னு தோணுச்சு, சொல்லிட்டேன்.”

“நீங்க நல்லா ஜாம் செய்வீங்கன்னு கேள்விப்பட்டேன். கொட்டகை போனதுக்கப்புறம் அதுக்கு நிறைய நேரம் கிடைக்கும்.”

போய்விட்டார். ஓர்ஃபா அடுத்த அகப்பையை ஊற்றினாள். அது சுருக்கம் விழுந்து வந்தது. அதைத் திரும்பச் சட்டியில் போட்டாள். அவள் வார்த்ததில் சுருக்கம் விழுந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். எனக்குத் தெரிந்த எல்லா வசவையும் டாக்டருக்காக வரிசைப்படுத்தினேன். தெரிந்தது தீர்ந்துபோய், புதிதாக நாலைந்து கண்டுபிடித்தேன்.

“அவர்கிட்ட எதுக்கு அதச் சொல்லிக் குடுத்த? உனக்கு எதிராளி அந்த ஆளு.”

“அவர் கேக்கப் போறாரா என்ன? நாலு மணிப் பஸ்ஸுல இந்த மாதிரி ஆளுங்க எத்தனையப் பாத்திருக்கேன். கைய வெளிய நீட்டாதன்னு சொன்னா தலைய நீட்டும்.”

போட்டி நாள். வெயில் என்றால் அப்படியொரு வெயில். பல்லிகள் நிழலுக்காக ஒன்றன்கீழ் ஒன்று ஒதுங்கின. கோழியில் டாக்டர் முந்தினார். பன்றியில் ஓர்ஃபா எட்டிப் பிடித்தாள். வான்கோழியில் இரண்டு பேருமே திணறினார்கள். முப்பத்தைந்து குண்டு முடிந்தபோது டாக்டருக்கு இருபத்தெட்டு, ஓர்ஃபாவுக்கு இருபத்தேழு. மற்றவர்கள் கணக்கில் இல்லை. மீதி ஐந்து கடா. ஆறு நிமிடம். இரண்டு பேரும் அடுத்தடுத்த பாயில் படுத்தார்கள்.

கருமருந்தின் கசடு குழலுக்குள் படியும். அது காய்ந்தால் சிமெண்டாகிவிடும். அதனால் ஒவ்வொரு குண்டுக்குப் பிறகும் ஓர் ஊதுகுழலை வைத்து வாயால் ஊதி, மூச்சின் ஈரத்தால் அதை இளக்கிக்கொள்வது எல்லாரும் செய்வது. டாக்டர் ஊத மாட்டார். அசுத்தமாம். வாயைத் திற, வாயைத் திற என்று ஊர் வாயையெல்லாம் திறக்கவைத்துப் பிழைத்தவர், தன் வாயைத் திறக்க மட்டும் மறுத்துவிட்டார். ஒரு ரப்பர்ப் பந்து வைத்திருந்தார். அதைப் பிசுக் பிசுக்கென்று அமுக்குவார். வறட்டுக் காற்று. கசடு அதைப் பார்த்துச் சிரித்திருக்கும்.

மூன்று கடாவை டாக்டர் வரிசையாகச் சாய்த்தார். முப்பத்தொன்று. ஓர்ஃபாவும் மூன்றைச் சாய்த்தாள். முப்பது. டாக்டர் நான்காவது தோட்டாவை உள்ளே தள்ளி, நெம்புகோலை மூடி, கன்னத்தைக் கட்டையில் வைத்தார். அந்த நேரம் பார்த்து ரோலி கத்தினான்.

“நிறுத்து! எல்லாரும் நிறுத்து! மாடு!”

வலதுபக்க ஓடைக்குள்ளிருந்து பதினேழு கறுப்புப் பசுக்கள், கோயில் யானைகளைப்போல அசைந்து அசைந்து, கடாக்களுக்கு நடுவே வந்து நின்றன. மேய்ச்சல் நிலம் அவற்றுடையது. நாங்கள் குத்தகைக்காரர்கள். மாடு வந்தால் துப்பாக்கி வாயை மூட வேண்டும் என்பது எங்கள் குத்தகைப் பத்திரத்திலேயே இருக்கிறது.

“நான் ஏத்திட்டேன் ரோலி! இந்த ஒண்ண மட்டும் சுட்டுர்றேன்!” என்றார் டாக்டர்.

“தோட்டாவ எடுங்க, டாக்டரே!”

“மாடு என் கடாவுக்கு இடதுபக்கம் நூறு அடி தள்ளி நிக்குது!”

“உங்க குண்டு எந்தப் பக்கம் போகும்னு மாட்டுக்குத் தெரியுமா? தொறந்து எடுங்கன்னா எடுங்க!”

ஓர்ஃபா நெம்புகோலைத் திறந்தாள். முழுத் தோட்டா சமர்த்தாக வெளியே வந்தது. பெட்டியில் வைத்தாள்.

டாக்டர் திறந்தார். கூடு மட்டும் வந்தது. வாயைப் பிளந்துகொண்டு, தலையில்லாமல். அதிலிருந்த கருமருந்து முழுவதும், ரசத்துக்கு மிளகு இடித்ததுபோல், அவருடைய பளபளக்கும் துப்பாக்கியின் வயிற்றுக்குள்ளும், விசைக் குழிக்குள்ளும், சட்டைப் பைக்குள்ளும் கொட்டியது. குண்டு உள்ளே, வரிகளைக் கடித்தபடி, நிம்மதியாக உட்கார்ந்திருந்தது. நான் தொலைநோக்கியை அவர் முகத்துக்குத் திருப்பினேன். நாலடி தூரத்தில் அவ்வளவு பெரிய முகத்தை அதற்குள் பார்த்தது அதுதான் முதல் தடவை.

“ரெண்டு நிமிஷம் குடு ரோலி. கம்பி விட்டுத் தள்ளிர்றேன்.”

ரோலி அதற்குள் தொப்பியை ஆட்டிக்கொண்டு மாடுகளை நோக்கி நடந்துவிட்டான். ஆள் முன்னால் போய்விட்டால் ஒருவரும் துப்பாக்கியைத் தொடக் கூடாது. இதில் மன்னிப்பே கிடையாது. எல்லாரும் கயிற்றுக்குப் பின்னால் வந்து நின்றோம். டாக்டரும் நின்றார். ஐந்தடி தூரத்தில் அவருடைய துப்பாக்கி, தொண்டையில் எலும்பு சிக்கின நாய் மாதிரி வாயைத் திறந்துகொண்டு, வெயிலில் கிடந்தது. உள்ளே கசடு காய்ந்துகொண்டிருந்தது.

“டாக்டரே, வேர்ச் சிகிச்சதான் பண்ணணும் போல,” என்றேன்.

“டெல்மர், உங்கள மாதிரி ஆளுங்களாலதான் இந்த ஊர் இப்படி இருக்கு.”

“நன்றி. நாங்க அதுக்காக ரொம்ப பாடுபட்டோம்.”

ரோலி ஓடினால் மாடு நடந்தது. ரோலி நடந்தால் மாடு நின்றது. ஒரு பசு, டாக்டரின் நான்காவது கடாவிடம் போய், கழுத்தை அதன்மேல் வைத்துச் சொகுசாகத் தேய்த்தது. கடா பின்னால் சாய்ந்து விழுந்தது.

“விழுந்துருச்சு!” என்று டாக்டர் கத்தினார். “அது என் கடா! குறிச்சுக்குங்க! விதியில ‘விழுந்தால்’னுதான் இருக்கு, எதனாலன்னு இல்ல!”

அவர் விளையாட்டாகச் சொல்கிறார் என்று நினைத்து நாங்கள் சிரித்தோம். முகத்தைப் பார்த்தோம். விளையாட்டு இல்லை. அதற்குப் பிறகு சிரித்த சிரிப்பில் எனக்கு விலா எலும்பு இரண்டு விலகிவிட்டது. இன்னும் சரியாகவில்லை.

“மாட்டோட பேரச் சொல்லுங்க, எழுதிக்கிறோம்,” என்றாள் ஓர்ஃபா. “இப்போதைக்கு அதுக்கு ஒண்ணுக்கு ஒண்ணு. உங்களவிட நல்ல விகிதம்.”

இருபத்தைந்து நிமிடம் ஆயிற்று. ரோலி கடாவை நிமிர்த்தி வைத்துவிட்டு, சிவந்துபோய்த் திரும்பி வந்தான். நிறுத்திவைத்த கடிகாரத்தில் மிச்சம் இரண்டு நிமிடம் பத்து விநாடி. டாக்டர் கூடுதல் நேரம் கேட்டார். “மிச்சம் இருக்கறதுதான் மிச்சம்,” என்றான் ரோலி. அவன் அந்த வருடத்தில் பாஸாகப் பேசின ஒரே வாக்கியம் அது.

“தொடங்கு!”

ஓர்ஃபா ஊதுகுழலை எடுத்து வாயில் வைத்தாள். நிதானமாக ஒன்று, இரண்டு, மூன்று என்று ஊதினாள். அவசரமே இல்லை. டாக்டர் தன் கம்பியைத் திருகி மாட்டினார். மூன்று துண்டாகக் கழற்றி மடித்து வைக்கிற கம்பி. தோல் உறை, அதில் அவருடைய பெயரின் முதல் எழுத்துகள். குழலின் வாய் வழியாக விட்டு அழுத்தினார். குண்டு அசையவில்லை. இன்னும் அழுத்தினார். கம்பியின் நடு மூட்டு வளைந்து, நமஸ்காரம் சொல்வதுபோல் குனிந்தது.

“கம்பி! யார்கிட்டயாவது ஒரே துண்டாக் கம்பி இருக்கா?”

இருந்தது. ஓர்ஃபாவின் பாயின் ஓரத்தில், என் முழங்காலுக்குப் பக்கத்தில். நான் அதன்மேல் மெதுவாகத் தொடையை வைத்து மறைத்தேன்.

ஓர்ஃபா ஊதுகுழலிலிருந்து வாயை எடுத்தாள். “டெல்மர், குடு.”

“என்னத்த?”

“கம்பிய.”

“உன் கொட்டகை, ஓர்ஃபா! அந்த ஆளு ஒண்ணச் சாச்சாக்கூட—”

“எனக்குத் தெரியும். குடுய்யா. பக்கத்துல ஒருத்தன் முக்கிக்கிட்டுக் கெடந்தா எனக்குக் குறி நிக்காது.”

கொடுத்தேன். கொடுத்தேன் என்றால், என் சாலை இயந்திரம் முதல் கியரில் மேடு ஏறும் வேகத்தில் கையை நீட்டினேன். டாக்டர் பிடுங்கிக்கொண்டார். நன்றி என்று ஒரு சொல், சொல் வேண்டாம், ஒரு முனகல்? ஊஹும்.

ஓர்ஃபா படுத்தாள். கையில் மிச்சம் ஒரு நிமிடம் பத்து விநாடி.

“காத்து இடதுலேர்ந்து. குறிய மூணு கோடு தள்ளு,” என்றேன்.

சுட்டாள். புகை விலகியபோது கடா இல்லை. முப்பத்தொன்று. சமம்.

பக்கத்தில் டாக்டரின் குண்டு ‘ப்ளக்’ என்று பின்பக்கமாக வெளியே விழுந்தது. அவசரமாக மருந்தைத் துடைத்துவிட்டு அடுத்த தோட்டாவைத் தள்ளினார். அதுவும் அதே நீளம்தானே? காய்ந்த கசட்டில் முட்டி நின்றது. நெம்புகோல் மூடவில்லை.

ஓர்ஃபா திரும்பாமலே சொன்னாள்: “ஊதுங்க டாக்டரே. வாயால.”

டாக்டர் ரப்பர்ப் பந்தை எடுத்தார். பிசுக். பிசுக். பிசுக். அப்புறம் உள்ளங்கையால் நெம்புகோலைக் குத்தினார். மூடியது. கன்னத்தை வைத்தாரோ இல்லையோ, வெடித்தது. நான் கடமைக்காக அவருடைய குண்டையும் கண்ணாடியில் தேடினேன். கடாவுக்கு வலதுபக்கம் நாற்பதடியில் ஒரு தூசி எழுந்தது. அங்கே துள்ளின குண்டு அனேகமாகக் கனடாவில் இறங்கியிருக்கும், சுங்கம் கட்டாமல்.

இருபது விநாடி. ஓர்ஃபாவின் கடைசிக் கடா. அவள் இன்னும் ஊதிக்கொண்டிருந்தாள்.

“ஓர்ஃபா, போதும்!”

இரண்டு மூச்சு கூட ஊதினாள். ஏற்றினாள்.

“காத்து செத்துருச்சு. ஒரு கோடு. ஒண்ணே ஒண்ணு.”

எட்டு விநாடி இருக்கும்போது சுட்டாள். குண்டு கடாவின் பின்னங்காலில், குளம்புக்கு மேலே பட்டது. ‘டங்’ என்ற சத்தம் நிதானமாக வந்து சேர்ந்தது. கடா ஆடியது. முன்னால் சாய்ந்தது, நிமிர்ந்தது, ஏதோ மறந்துபோனதை யோசிப்பதுபோல் நின்றது. ஓர்ஃபா கண்ணை மூடிக்கொண்டாள். அவள் கண்ணை மூடி நான் பார்த்ததில்லை. அப்புறம் அது, வேண்டாவெறுப்பாக, பின்னால் விழுந்தது.

முப்பத்திரண்டு.

நான் போட்ட கூச்சலில் அந்தப் பசுக்கள் மறுபடி ஓடையிலிருந்து எட்டிப் பார்த்தன. ஓர்ஃபா எழுந்து, முழங்காலைத் தட்டிவிட்டு, “கழிப்பறைச் சாவி எங்க?” என்று ரோலியிடம் கேட்டாள். ரோலி அதைக் கழுத்திலிருந்து கழற்றிக் கொடுத்தபோது அழுதான். ஆனந்தக் கண்ணீர். டாக்டர் அவளுடைய கம்பியைத் தரையில் போட்டுவிட்டுப் போய்விட்டார். மாட்டைப் பற்றி மூன்று பக்கம் ஆட்சேபணை எழுதி பாஸுக்கு அனுப்பினார். பாஸ் ஓர்ஃபா. அவள் அதைப் படித்து, இரண்டு எழுத்துப்பிழையைத் திருத்தித் திருப்பியனுப்பினாள்.

அக்டோபர் முதல் சனிக்கிழமை. எல்லாரும் சுட வந்தோம். ஓர்ஃபா கோட்டுக்கு முன்னால் நின்று, அறுபது பிள்ளைகளை அடக்கின குரலில் ஒரே ஒரு சட்டம் சொன்னாள். அன்று சுடக் கொண்டுவந்திருக்கிற தோட்டாவில் அவள் எடுத்துக் கொடுக்கிற ஒன்றை ஏற்றி, சுடாமல் திறந்து காட்ட வேண்டும். முழுசாக வெளியே வந்தால் சுடலாம். குண்டு உள்ளே நின்றுவிட்டால், கொண்டுவந்த அத்தனையையும் உருவி, திரும்ப நிரப்பிக்கொண்டு வர வேண்டும்.

டாக்டருடைய பெட்டியில் நூற்றெண்பது. அவருடையது முதல் சோதனை. கூடு மட்டும் வந்தது.

“நான் இதையெல்லாம் கொஞ்சம் உள்ள அழுத்திக்கிறேனே?”

“அடியில மருந்து இறுகியிருக்கு. அழுத்துனா ஈயத்தோட மூக்கு நசுங்கிப் போகும். உங்களுக்குத் தெரியாததா? உருவணும் டாக்டரே, ஒவ்வொண்ணா. சுத்தியல் உள்ள இருக்கு. பெஞ்சும் உள்ளதான் இருக்கு.”

டாக்டர் கொட்டகையைப் பார்த்தார். அன்று தான் நாடா பிடித்து அளந்த சுவர்களைப் பார்த்தார். உள்ளே போனார். நான் அனுபவித்துச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

“அடுத்தது நீ, டெல்மர்.”

“எனக்கு முழங்கால் வலி. நான் இன்னைக்கு வேடிக்கை பாக்க வந்தேன்.”

“பெட்டியக் கொண்டா.”

அவளே ஒன்றை எடுத்து என் துப்பாக்கியில் தள்ளினாள், மூடினாள், திறந்தாள். என்னுடைய கருமருந்து அவளுடைய பூட்ஸின்மேல் கொட்டியது. கூட்டமே அமைதியானது. எனக்குத் தெரிந்து அந்தக் களத்தில் அப்படியொரு அமைதி அதற்கு முன் இருந்ததில்லை, நான் பேசிக்கொண்டிருப்பேன்.

“எப்பலேர்ந்து?” என்றாள்.

“ஜூன்லேர்ந்து.”

“யார் தோட்டாவப் பாத்து?”

“புல்லுல ஒண்ணு கெடந்துச்சு. பென்சில் வெச்சு அளவெடுத்துக்கிட்டேன். அந்தாளு குண்டெல்லாம் எவ்வளவு சின்ன வட்டத்துக்குள்ள விழுதுன்னு நீயே பாத்த இல்ல?”

ஓர்ஃபா பூட்ஸை உதறினாள். கையைக் கொட்டகைப் பக்கம் நீட்டினாள். நாலு மணிப் பேருந்தில் கடைசி இருக்கைக்கு அனுப்பப்பட்ட பயல்களின் வேதனை எனக்கு அன்றுதான் புரிந்தது.

டாக்டருக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்தேன். என்னுடையது இருநூற்றுப் பன்னிரண்டு. சுத்தியல் மாதிரி ஒரு கருவி; அதன் தலைக்குள் தோட்டாவை வைத்து மரக்கட்டையில் ஓங்கி மூன்று அடி அடித்தால் குண்டு கழன்று விழும். அவர் அடித்தார். நான் அடித்தேன். வெளியே மற்றவர்கள் சுடுகிற சத்தமும் இரும்பு விழுகிற சத்தமும் கேட்டுக்கொண்டே இருந்தன. அரைமணி நேரம் அடித்தோம். பிறகு டாக்டர் என் குண்டு ஒன்றை இரண்டு விரலால், சொத்தைப் பல்லைப் பிடிப்பதுபோல் பிடித்துப் பார்த்தார்.

“உங்களோடது ஒண்ணுக்கொண்ணு எடை ஒத்துவராதே டெல்மர். எப்படி இதையெல்லாம் சுடுறீங்க?”

“வாயால ஊதித்தான். அடிங்க.”

அடித்தார். கொஞ்ச நேரம் கழித்து, “எத்தன முடிச்சிருக்கீங்க?” என்றார்.

“எழுபது,” என்றேன்.

பத்தொன்பதுதான். டாக்டர் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு, மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, என் கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்து எண்ணத் தொடங்கினார்.